அளக்காமல் எழுதிய வாசிப்புகள்

பொறியியற் பீட மகளிர் விடுதி,
கண்டி.
03.03.1997

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலமாக இருக்கிறேன். அம்மாவின் முழங்கால் வலி தணிந்ததா என்று எழுதுங்கள்.

இக்கடிதத்துடன் ஒரு படிவம் இணைத்துள்ளேன். பொறியியற் கல்வியைக் கைவிட்டுப் பீடத்தை விட்டு நீங்க விரும்பும் மாணவர் நிரப்பவேண்டிய படிவம் அது. என் பெயரையும் பதிவெண்ணையும் எழுதிக் கையொப்பமும் இட்டுவிட்டேன். பாதுகாவலரின் கையொப்பத்துக்குரிய இடம் மட்டும் வெறுமையாக உள்ளது. ஐயா மறைந்த பின் அவ்விடம் உங்களுடையது. ஏப்பிரல் பத்தாம் நாளுக்குள் படிவம் இங்கு வந்து சேரவேண்டும். கந்தளாய்ச் சோதனைச் சாவடியிலும் ஹபரணையிலும் தபாற் பை எத்தனை நாள் உறங்கும் என்பதை எவரும் சொல்ல இயலாதாகையால் இப்போதே அனுப்புகிறேன்.

காரணம் கேட்பீர்கள். என்னால் இயலவில்லை, அதுவே காரணம்.

உங்களை எதிர்த்து இதுவரை ஒரு சொல்லும் எழுதியிராத
தங்கை பூரணி


மனையாவெளி,
திருகோணமலை.
11.03.1997

தங்கை பூரணிக்கு,

படிவம் கிடைத்தது. வந்த உறைக்குள்ளேயே அதை மீண்டும் இட்டு அலுமாரியில் வைத்துப் பூட்டிவிட்டேன். கையொப்பமிட மாட்டேன்.

இயலவில்லை! இச்சொல்லை எழுத உன் விரல் எங்ஙனம் துணிந்தது? தொண்ணூறாம் ஆண்டு ஆனித் திங்களில் ஊரே பாயும் பானையுமாகப் பாடசாலைக்குள் அடைக்கலம் புகுந்தபோது, நூறு குழந்தைகளின் அழுகுரலுக்கு நடுவே மூலையொன்றில் அமர்ந்து கணக்குச் செய்தவள் நீ. மின்சாரம் இல்லை என்றோ மண்ணெண்ணெய் இல்லை என்றோ நீ படிப்பை நிறுத்தினாயா? குண்டு விழுந்த மறுநாளே கொப்பியைத் தேடி எடுத்தவளுக்கு, மரங்கள் சூழ்ந்த மலைநாட்டு மண்டபத்தில், மின்விசிறியின் கீழ் அமர்ந்து கற்பது இயலவில்லையா?

எண்ணிப் பார். நீ படித்த பாடசாலையிலேயே, பரிசோதனைக் குடுவைகளைக் கழுவி அடுக்கும் ஆய்வுகூட உதவியாளனாகவே உன் அண்ணன் நின்றுவிட்டான். எனக்கு மறுக்கப்பட்ட கதவு உனக்குத் திறந்தது. பல்கலைக்கழகத்துக்குத் தெரிவான உனக்குப் பிள்ளையார் கோயில் மண்டபத்தில் மாலையிட்ட அன்று நான் பேசியதை நீ மறந்திருக்கலாம், கேட்டவர் மறக்கவில்லை. "உலகமெல்லாம் புகழும் ஆழமான துறைமுகத்தின் கரையில் பிறந்தும், எதிரே தெரியும் மூதூருக்குச் செல்ல லாஞ்சுக்குக் காத்துக் கிடக்கிறோம். பாதை சமைக்கப் பிறந்தவள் இதோ நிற்கிறாள்!" என்றேன். கரவொலி அடங்கச் சிறிது நேரமாயிற்று. இன்றும் இறங்குதுறைக்குப் போனால் சீட்டுக் கிழிக்கும் குணரத்தினம் அண்ணர், "தம்பி, தங்கச்சி பாலத்தை எந்தப் பக்கத்தில இருந்து துடங்கப் போறாவாம்?" என்று கேட்கிறார். அவருக்கு நான் என்ன மறுமொழி கூறுவேன்?

பொறியியல் கடினமெனப் புலம்புவோர் சோம்பல் உடையோர். அல்லது துணிவு அற்றோர். நீ இரண்டும் அல்லை.

இதுவரை எழுதியதைப் படித்துக் காட்டியபோது அம்மா குசினிக்குள் இருந்தபடியே, "பிள்ளைக்கு ஏலாதெண்டால் விடன்ரா. அவளென்ன கப்பலே கட்டப்போறாள்?" என்றார்.

"ஓம், கப்பலும் கட்டுவாள்" என்றேன்.

"அப்ப நீயே போய்ப் படியன். வாய் உனக்குத்தானே கூட" என்றார்.

அம்மாவின் சொல்லைப் பொருட்படுத்தாதே. எழு. படி. வெல்.

உன் அண்ணன்
ஞானசேகரம்


கண்டி.
19.03.1997

அண்ணா,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். முதன்முறை அழுதேன். இரண்டாம் முறை கைதட்டலாமா என்று தோன்றியது. மூன்றாம் முறைதான் சினம் வந்தது. நீங்கள் எழுதியது கடிதம் அன்று. கூட்டத்துக்கு ஆற்றிய உரை. கூட்டத்தில் எவரும் எழுந்து மறுமொழி சொல்வதில்லை. நான் சொல்லப்போகிறேன்.

சோம்பல் என்றீர்கள். ஐந்து மணிக்கு எழுந்து அகராதியோடு அமர்கிறேன். பதின்மூன்று ஆண்டு தமிழில் கற்ற அதே கணிதம் இங்கே ஆங்கிலத்தில் வருகிறது. ஒரு சொல்லின் பொருளை நான் கண்டுபிடிப்பதற்குள் கரும்பலகை இருமுறை அழிக்கப்பட்டுவிடும். ஆயினும் மொழியை வென்றுவிடலாம். அதை மட்டும் குறை சொல்லி நான் ஓடவில்லை. வரைபு வகுப்பில் ஒரு பொறியின் உறுப்பைச் சொல்லி, மேலிருந்தும் முன்னிருந்தும் பக்கத்திலிருந்தும் பார்த்தால் எவ்வாறு தோன்றும் என்று கீறச் சொல்கிறார்கள். உடன் படிக்கும் பலர் தந்தையின் காரைக் கழற்றிப் பூட்டி வளர்ந்தவர்கள். நான் அவ்வுறுப்பை ஒரு பக்கத்திலிருந்தும் கண்டதில்லை. மூன்று பக்கத்துக்கு எங்கே போவேன்?

இன்னொன்று. எனக்கு இதில் விருப்பம் உண்டா என்று எவரேனும் கேட்டீர்களா? நீங்கள் கேட்கவில்லை, அம்மா கேட்கவில்லை, நானும் என்னைக் கேட்கவில்லை. கணக்கில் புள்ளி கூடியவள் பொறியியலுக்கு, உயிரியலில் கூடியவள் மருத்துவத்துக்கு என்று புள்ளி எங்களைப் பிரித்து அனுப்பியது. முன்பின் அறியாத ஒருவருக்குத் திருமணம் பேசியதுபோல நான் இங்கு வந்து சேர்ந்தேன். வந்த பின்னும் அவர் முகத்தை நான் பார்க்கவில்லை. என்னிடம் பாலம் கேட்கிறார் குணரத்தினம் அண்ணர்!

இனி உண்மையான காரணம். அதை எழுதக் கூடாதென்றுதான் முதற் கடிதத்தைச் சுருக்கினேன்.

பெப்ரவரியில் ஒரு பரிசோதனை. ஓர் உலோகச் சட்டத்தை இரு முனையிலும் தாங்கி, நடுவில் நிறைகளைத் தொங்கவிட்டு, அது எவ்வளவு வளைகிறது என்று அளக்கவேண்டும். வளைவிலிருந்து அவ்வுலோகத்தின் உறுதியைக் கணிக்கலாம். வளைவைக் காட்டும் கருவியின் முள்ளை வாசிக்க எனக்குத் தெரியவில்லை. ஆங்கிலத்தில் கேட்கக் கூச்சம். குழுவில் இருந்தோர் நிறைகளைத் தொங்கவிட்டு விரைந்து முடித்துப் போய்விட்டனர். விடுதிக்கு வந்து, உருக்கின் உறுதி நூலில் எவ்வளவு என்று பார்த்து, அந்த விடை வருவதற்கு எவ்வளவு வளைந்திருக்கவேண்டும் என்று பின்னோக்கிக் கணித்து, அவற்றையே நான் அளந்த வாசிப்புகளாக எழுதினேன். அழகாகக் கோடும் கீறினேன்.

அச்சட்டம் உருக்கு அன்று, அண்ணா. அலுமினியம். பார்வைக்குத் தெரியாதவாறு பேராசிரியர் ஆண்டுதோறும் அதைத்தான் வைப்பாராம். நான் எழுதியதைப்போல மூன்று மடங்கு வளையக் கூடியது.

எல்லோர் முன்னும் அழைத்து ஒரே ஒரு கேள்வி கேட்டார். "நீ கண்டது என்ன?" நான் எதையும் காணவில்லை என்று சொல்வதற்கும் அப்போது எனக்கு ஆங்கிலம் வரவில்லை. பின்வரிசையில் ஒருவன், மாவட்டக் கோட்டாவில் வந்தவள் என்றான். ஏப்பிரல் பத்துக்குள் எழுத்தில் விளக்கம் தரவேண்டும். தராவிடில் தேர்வு எழுத விடமாட்டார்கள். விளக்கம் தருவதைவிட விலகுவது எளிது.

நம்புவீர்களா? அது பொய் என்று எனக்கு அப்போது தெரியவில்லை. பரிசோதனைப் பதிவேடு என்பது சரியான விடையைத் திருத்தமாக எழுதும் கொப்பி என்றே நினைத்திருந்தேன். இதில் உங்கள் பிழை எதுவுமில்லை. கருவிகள் ஒரு தொகுதியே மிஞ்சியுள்ளன, முப்பது பேர் தொட்டால் உடைந்துவிடும் என்று, எல்லாப் பரிசோதனைகளையும் நீங்களே தனித்திருந்து செய்து, வாசிப்புகளை எங்களுக்குத் தாளில் எழுதித் தந்தீர்கள். நீங்கள் அளந்தீர்கள், நாங்கள் படியெடுத்தோம். அளக்காமலே எழுதியவள் நான் ஒருத்திதான்.

கையொப்பமிட்டு அனுப்புங்கள்.

பூரணி


மனையாவெளி.
28.03.1997

பூரணி,

இது மேடை அன்று. மெல்லச் சொல்கிறேன்.

நான் ஒரு பரிசோதனையும் செய்ததில்லை.

கருவிகள் ஒரு தொகுதியும் மிஞ்சவில்லை. பாடசாலை அகதி முகாமாக இருந்தபோது பித்தளை நிறைகள் எங்கோ போயின. கண்ணாடிப் பொருட்கள் உடைந்தன. சோறாக்க விறகு இல்லை என்று ஆய்வுகூட மேசையின் கால்களை நானே வெட்டிக் கொடுத்தேன். பௌதிக ஆசிரியர் இக்னேசியஸ் குடும்பத்துடன் இடம்பெயர்ந்தார், திரும்பவில்லை. புதிய கருவிகள் கேட்டு எழுதினோம். குண்டு செய்ய உதவும் என்று கம்பிச் சுருளுக்கும் மின்கலத்துக்கும் படையினரின் அனுமதி கிடைக்கவில்லை.

அலுமாரியின் அடித்தட்டில் ஒரேயொரு பழைய பதிவேடு கிடந்தது. எண்பத்தாறாம் ஆண்டு மாணவர் ஒருவருடையது. அதில் இருந்த எண்களைத்தான் உங்களுக்குத் தந்தேன். முப்பது பேருக்கும் ஒரே எண் இருந்தால் மேற்பார்வைக்கு வருபவர் ஐயுறுவார் என்று, கடைசி இலக்கத்தை மட்டும் ஆளுக்காள் மாற்றினேன். ஏழு ஆண்டுகள், இருநூறு பிள்ளைகளுக்கு மேல். ஆய்வுகூடக் கதவைச் சாத்திக்கொண்டு நான் உள்ளே இருந்த மாலைகளில், அண்ணா பரிசோதனை செய்கிறார் என்று நீ அம்மாவிடம் சொல்வாயாம். நான் உள்ளே இருந்து இலக்கம் மாற்றிக்கொண்டிருந்தேன்.

பிள்ளைகள் பின்தங்கிவிடக் கூடாது என்று செய்தேன். அது உண்மை. எங்களிடம் ஒன்றுமில்லை என்று உரத்துச் சொல்ல அஞ்சினேன். அதுவும் உண்மை. ஊரெல்லாம் முழங்கும் வாய், ஓர் அலுவலகத்துக்கு இதை எழுதவில்லை. அளக்காமல் எழுதக் கற்றுக்கொடுத்தவன் நான். நீ நல்ல மாணவி, கற்றதைச் செய்தாய்.

படிவத்தில் கையொப்பமிட்டு இத்துடன் வைத்துள்ளேன். நாள் குறிக்கும் இடத்தை நிரப்பவில்லை. உன் பேராசிரியருக்கு ஒரு கடிதமும் உள்ளது. இங்கே எழுதியதெல்லாம் அதிலும் எழுதியிருக்கிறேன். அதனால் என் வேலை போகலாம். போகட்டும். எதைக் கொடுப்பது, எதைக் கிழிப்பது என்பதை நீ முடிவு செய்.

விலகினால், இயலாமல் விலகினாய் என்று எவரும் சொல்ல விடமாட்டேன். நீ இன்னும் தொடங்கவே இல்லை. தொடங்கும் இடத்தை நான் மறைத்து வைத்திருந்தேன்.

ஞானசேகரம்


கண்டி.
07.04.1997

அண்ணா,

உங்கள் கடிதத்தை இரண்டு நாள் தலையணைக்கடியில் வைத்திருந்தேன். மாலைகளில் உங்களுக்குத் தேநீர் கொண்டுவந்து ஆய்வுகூட வாசலில் வைத்துவிட்டு, அளவு குழம்பிவிடும் என்று கதவைத் தட்டாமல் திரும்பிப் போனவள் நான்.

மூன்றாம் நாள் ஹிஸ்புல்லாவிடம் சொன்னேன். தோப்பூர்ப் பையன், என் வகுப்பு, தன் பதிவேட்டிலும் பாதி கற்பனை என்பதை ஒத்துக்கொண்டவன். கேட்டுவிட்டுச் சிரித்தான்.

"ஒங்கட அண்ணன் பரவாயில்ல பூரணி, தாளாவது தந்திருக்கார். எங்கட சேர் கரும்பலகையில ஊசலைக் கீறிப்போட்டு, 'இது ஆடுது எண்டு நினைச்சிக்கங்க' எண்டவர். நாங்களும் நினைச்சம். சோதினையில 'ஏ' வந்திச்சு!"

நானும் சிரித்துவிட்டேன். சிரித்தாலும் இன்னும் உங்கள்மேல் கோபமாக இருக்கிறேன்.

உங்கள் கடிதத்தைப் பேராசிரியரிடம் கொடுக்கவில்லை, கொடுக்கவும் மாட்டேன். அலுமினியச் சட்டத்தின் முன் நின்றவள் நான். அதற்கு நீங்கள் வேலையிழக்க வேண்டியதில்லை. என் விளக்கத்தை நானே எழுதினேன். பாடசாலையின் பெயரையோ உங்கள் பெயரையோ குறிப்பிடவில்லை. கருவிகள் இல்லாத ஆய்வுகூடத்தில் கற்றேன், வாசிப்பு என்பது எழுதித் தரப்படுவது என்று நம்பினேன், முள்ளை வாசிக்க இன்றும் எனக்குத் தெரியாது என்று எழுதினேன். ஆங்கிலத்தில் ஒன்றரைப் பக்கம். நாளை கொடுப்பேன். படிவம் மேசை இழுப்பறையில் இருக்கிறது; இன்னும் கிழிக்கவில்லை.

உங்களிடம் ஒன்று கேட்கிறேன். எதையாவது ஒருமுறை அளந்து பாருங்கள். அளந்த பிறகு எழுதுங்கள். அதுவரை எழுதவேண்டாம்.

பூரணி


மனையாவெளி.
22.04.1997

அன்புத் தங்கைக்கு,

அளந்தேன். ஆகவே எழுதுகிறேன்.

சித்திரை விடுமுறையில் உயர்தர வகுப்புப் பிள்ளைகள் பதினொருவரை அழைத்தேன். முதலில், இதுவரை நான் தந்த தாள்களைப் பற்றிச் சொன்னேன். சொல்லி முடிக்கும்வரை ஒருவர் முகத்தையும் பார்க்க என்னால் முடியவில்லை. பின்வரிசையில் சீலா என்றொரு பிள்ளை, "அப்ப சேர், எங்கட கொப்பியில இருக்கிறது ஆரின்ர வாசிப்பு?" என்றாள். தெரியாது என்றேன். அப்பிள்ளை அந்தப் பக்கத்தைக் குறுக்கே கோடிட்டு வெட்டினாள். மற்றவர்களும் வெட்டினார்கள். அந்தக் கீறல் ஒலியை நான் கேட்டுக்கொண்டு நின்றேன்.

பின்னர் வலைக்குக் கட்டும் ஈயக் குண்டு ஒன்றைத் நைலோன் தங்கூசி நூலில் கட்டி, கூரை வளையிலிருந்து தொங்கவிட்டோம். நீளம் ஒரு மீற்றர். இருபது முறை ஆட எவ்வளவு நேரமாகிறது என்று பார்த்தால் புவியீர்ப்பைக் கணிக்கலாம். பிள்ளைகள் உரத்து எண்ணினார்கள். நான் கடிகாரத்தைப் பிடித்திருந்தேன். பதினான்கை எட்டும்போது பாடசாலை வாசற் காவலில் நிற்கும் கடற்படையினன் துவக்கோடு ஓடி வந்தான். அவன் கண்ணால் பார்: கூரையில் தொங்கும் ஈயம், மணிக்கூட்டைப் பார்க்கும் ஒரு மனிதன், ஒரே குரலில் எண்ணும் கூட்டம்.

"என்ன எண்ணுறது? எப்ப முடியிறது?" என்றான்.

"இருபதில முடியும்" என்றான் ஒரு பையன், உதவி செய்யும் எண்ணத்தில்.

கடற்படையினன் இரண்டடி பின்னே பாய்ந்தான். விளக்கிச் சொல்லிப் புரியவைக்க அரை மணியாயிற்று. புரிந்த பிறகு அவன் போகவில்லை. என் கடிகாரத்தைப் பார்த்துத் தலையசைத்து, தன் இலக்கக் கடிகாரத்தைக் கழற்றிக் கொடுத்தான். ஆனால் மறுநாள் அவனுடைய மேலதிகாரி வந்து, ஈயம் தொங்கவிட எழுத்தில் அனுமதி பெறவேண்டும் என்றார். பெற்றோம்.

விடை ஒன்பது தசம் நான்கு. நூலில் இருப்பது ஒன்பது தசம் எட்டு. பூரணி, பழக்கம் எவ்வளவு கொடியது தெரியுமா? நான்கை எட்டாக்க என் கை தானாகவே நகர்ந்தது. பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நிறுத்தினேன். மூன்றுமுறை திரும்பச் செய்தோம், விடை மாறவில்லை. நான்காம் முறை சீலாதான் எழுந்தாள்.

"சேர், நாங்கள் நூலை முடிச்சுவரைக்கும்தானே அளந்தனாங்கள்? குண்டின்ர நடுவரைக்கும் அளக்க வேணுமெல்லே?"

குண்டு நீளமானது, நடுப்பகுதி முடிச்சிலிருந்து நான்கு சதமமீற்றர் கீழே. அதையும் சேர்த்துக் கணித்தபோது ஒன்பது தசம் எட்டு வந்தது; வகுப்பறை போட்ட சத்தத்தைச் சொல்லில் அடக்க முடியாது. நான் பேசிய எந்தக் கூட்டத்திலும் அப்படியொரு முழக்கம் எழுந்ததில்லை. நான் ஒரு சொல்லும் பேசவில்லை என்பதையும் கவனி.

கருவிகள் கேட்டு இன்று கல்வி அலுவலகத்துக்கு எழுதியுள்ளேன். இம்முறை எங்களிடம் ஒன்றுமில்லை என்று தெளிவாக எழுதினேன்; ஏழு ஆண்டுகள் என்ன செய்தேன் என்பதையும் எழுதினேன். அதிபர் முழுவதையும் படித்தார். பிறகு தாமும் கையொப்பமிட்டார். என்ன வரும் என்று தெரியாது.

உன் விளக்கம் என்னவாயிற்று என்று கேட்கத் துடிக்கிறேன், கேட்கமாட்டேன். நீ அங்கேயே நின்றாலும், பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாலும், பேருந்து நிலையத்தில் நான் நிற்பேன்.

அண்ணன்


கண்டி.
04.05.1997

அன்புள்ள அண்ணாவுக்கு,

சீலாவிடம் என் பாராட்டைச் சொல்லுங்கள். கடற்படையினன் பாய்ந்த இடத்தை ஹிஸ்புல்லாவுக்கு இருமுறை வாசித்துக் காட்டவேண்டியதாயிற்று.

பேராசிரியர் என் விளக்கத்தை வாசித்துவிட்டு அழைத்தார். அப்பரிசோதனைக்கு உரிய புள்ளி பூச்சியம். அதில் மாற்றமில்லை என்றார். தேர்வு எழுதலாம் என்றார். பிறகு எழுந்து வந்து, அந்த முள்ளை எப்படி வாசிப்பது என்று தாமே காட்டினார். ஐந்து நிமிடம், அண்ணா. ஐந்து நிமிடத்தில் கற்கக்கூடிய ஒன்றுக்காக படிப்பையே விட்டுவிட இருந்தேன். இதே போன்ற ஆய்வுகூடங்களிலிருந்து இன்னும் எத்தனை பேர் வந்திருக்கிறீர்கள் என்று கேட்டார். எனக்குத் தெரிந்து ஒன்பது பேர் என்றேன். இனிச் சனிக்கிழமைகளில் ஆய்வுகூடம் எங்களுக்குத் திறந்திருக்கும். முதல் வாரம் நால்வர் வந்தோம். மற்றவர்கள் வெட்கப்படுகிறார்கள், வருவார்கள்.

எல்லாம் சீராகிவிட்டது என்று நினைக்கவேண்டாம். வரைபில் இவ்வாண்டு தேறமாட்டேன். அடுத்த ஆண்டு மீண்டும் எழுதவேண்டும். ஆங்கிலம் இன்னும் என்னைத் துரத்துகிறது. பாலம் பற்றிக் குணரத்தினம் அண்ணர் கேட்டால், இப்போதைக்கு லாஞ்சிலேயே போகச் சொல்லுங்கள்.

படிவத்தைக் கிழித்துவிட்டேன். உங்கள் பேச்சுக்காகவும் இல்லை, ஊருக்காகவும் இல்லை. காரணத்தைச் சொல்கிறேன்.

நேற்று அதே சட்டத்தை மீண்டும் எடுத்தேன். நிறைகளை நானே ஒவ்வொன்றாகத் தொங்கவிட்டேன். முள் நகர்ந்தது. நான் வைத்த நிறைக்கு, என் கண் முன்னால், வளையாதென்று நாம் எல்லோரும் மதிக்கும் ஒரு பொருள் குனிந்தது. ஒரு நிறையை எடுத்தேன், நிமிர்ந்தது. எடுத்தும் வைத்தும் அரை மணி அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். "அளக்கிறீங்களா, விளையாடுறீங்களா?" என்றான் ஹிஸ்புல்லா. இரண்டும் என்றேன்.

அலுமினியத்தின் உறுதிக்கு நூலில் உள்ள எண் எழுபது. எனக்கு அறுபத்தாறு வந்தது. அறுபத்தாறு என்றே எழுதினேன்.

ஏன் நான்கு குறைந்தது? இரவு உணவின்போதும் அதையே நினைத்தேன். நேற்றுவரை பொறியியலைப் பற்றி நானாக எதையும் நினைத்ததில்லை. தாங்கிகள் சற்று நகர்ந்திருக்கலாம். நிறைகள் குறித்த அளவைவிடச் சற்றுக் கனமாக இருக்கலாம். இன்னொன்றும் உண்டு. சட்டத்துக்குச் சாம்பல் நிறப் பூச்சு அடித்திருக்கிறார்கள். நான் பூச்சையும் சேர்த்துத் தடிப்பை அளந்துவிட்டேன். தடிப்பு நூற்றுக்கு ஒன்று கூடினாலும் விடை நூற்றுக்கு மூன்று குறையும். ஒரு முனையில் சிறிது சுரண்டிப் பார்க்கலாமா என்று இன்று பேராசிரியரிடம் கேட்டேன். அந்தப் பூச்சுத்தான் உலோகத்தை மறைக்க அவர் அடித்தது. "அடிப்பக்கத்தில் சுரண்டு, அடுத்த ஆண்டு வருபவர்களிடம் சொல்லிவிடாதே" என்றார்.

என் மூன்று காரணங்களும் பிழையாக இருக்கலாம். நாளை காலை எட்டு மணிக்கு ஆய்வுகூடம் திறக்கும். ஏழே முக்காலுக்கு வாசலில் நிற்பேன்.

பூரணி